என்லார்ஜர் தூணில் கேமரா: நெகட்டிவ்களைக் கணினிக்குக் கொண்டுவந்த பத்து மாதங்கள்

அப்பாவின் பழைய நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்றும் வேலையில், சென்ற ஞாயிற்றுக்கிழமை நாற்பதாவது ரோலை முடித்தேன். முப்பத்தாறு படங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மணப்பெண்ணின் புடவைச் சரிகையில் இழை தெரிகிறது, மாப்பிள்ளையின் வேட்டியில் மடிப்புத் தெரிகிறது. இந்த இடத்துக்கு வந்து சேர எனக்குப் பத்து மாதங்கள் ஆகிவிட்டன. அதில் ஏழு மாதங்கள், எந்த ஸ்கேனர் வாங்குவது என்ற குழப்பத்திலேயே கழிந்தன.

அப்பா பட்டுக்கோட்டையில் 1974 முதல் 2006 வரை ஸ்டுடியோ வைத்திருந்தார். கடையை மூடியபோது, தேடி வந்தவர்களிடம் அவரவர் நெகட்டிவைக் கொடுத்துவிட்டார். மீந்தவை மூன்று பிஸ்கட் டின்களிலும் ஒரு மரப்பெட்டியிலும் பரணில் இருந்தன. அவர் போன பிறகு ஒரு டின்னைத் திறந்தபோது புளித்த வாடை முகத்தில் அடித்தது. அன்றுதான் இந்த வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அவசரத்தில் செய்த முதல் காரியமே தவறாகப் போனது. இணையத்தில் 6,400 ரூபாய்க்கு ஒரு கையடக்கப் பெட்டி ஸ்கேனர் வாங்கினேன். கணினிகூட வேண்டாம், நெகட்டிவைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் ஐந்து நொடியில் படம். உள்ளே இருப்பது ஒரு சிறு கேமராவும் ஒரு விளக்கும்தான். வேகத்தில் குறை இல்லை. ஆனால் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாக வந்தது. கரையும் இல்லை, மடிப்பும் இல்லை. வெளிச்சமான பகுதிகள் நெகட்டிவில் அடர்ந்த கறுப்பாக இருக்கும். அந்த அடர்த்தியைத் துளைத்து விவரத்தை எடுக்க அந்தச் சிறு சென்சாரால் முடியவில்லை. நான்கு ஓரங்களிலும் படத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுகிறது. ஓரத்தில் நிற்கும் அத்தை பாதிதான் இருக்கிறார். ஜேபெக் மட்டுமே தருவதால் பிறகு திருத்தவும் வழி இல்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வேறு: அந்தப் பெட்டி 35 மி.மீ. ஃபிலிமை மட்டுமே ஏற்கும். மரப்பெட்டி முழுவதும் இருந்தது அதைவிட அகலமான 120 என்ற வகை ஃபிலிம். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஸ்கேனர் வாங்கியிருக்கிறேன். 3,500 ரூபாய்க்குத் திருப்பி விற்றேன்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து எண்ணினேன். மூன்று மாலைகள் ஆயின. ஜன்னல் கண்ணாடியில் டிரேசிங் தாள் ஒட்டி, கையில் பருத்தி உறை போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கணக்கு இப்படி வந்தது: 35 மி.மீ. வண்ண நெகட்டிவ் 61 ரோல், ஏறத்தாழ 2,140 படங்கள். 120 கறுப்பு வெள்ளை 418 படங்கள். எல்லாம் ஆறுக்கு ஆறு செ.மீ. சதுரம், ஒவ்வொன்றாக வெட்டிப் பட்டர் பேப்பர் கவரில் போடப்பட்டவை. கால் பிளேட் அளவுத் தாள் ஃபிலிம் ஒன்பது. 120 ஃபிலிம்களின் ஓரத்தில் பெரும்பாலும் ‘ஆர்வோ என்பி 22’ என்ற கிழக்கு ஜெர்மானிய ஃபிலிமின் பெயர். சிலவற்றில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’.

புளித்த வாடை வந்தவை பதினான்கு துண்டுகள். ஃபிலிமின் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும், பக்கத்தில் இருக்கும் ஃபிலிமையும் கெடுக்கும். மூடிய டின்னில் அது எங்கே போகும்? அந்தப் பதினான்கையும் உடனே தனி அட்டைப் பெட்டிக்கு மாற்றி, காற்றுப் படும்படி வைத்தேன். ஸ்கேனர் எதுவாக இருந்தாலும் முதலில் எடுக்க வேண்டியவை அவைதான் என்று மேலே எழுதி ஒட்டினேன்.

இரண்டாவது முயற்சிக்குச் செலவு ஒன்றும் ஆகவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனது. வீட்டில் ஆவணங்களுக்கான சாதாரண பிளாட்பெட் ஸ்கேனர், தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து எடுக்கும் வகை, இருக்கிறது. அதன் கண்ணாடியில் நெகட்டிவை வைத்து, மேலே டேப்லெட்டை வெள்ளைத் திரையுடன் கவிழ்த்தேன். படம் வந்தது, கூடவே டேப்லெட் திரையின் புள்ளி வலையும் குறுக்கே பட்டைகளும் வந்தன. ஸ்கேனரின் சொந்த விளக்கும் கீழிருந்து எரிந்துகொண்டே இருப்பதால் படம் வெளிறிப்போனது. நெகட்டிவுக்கு ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வர வேண்டும். மூடியில் தனி விளக்கு இல்லாத பிளாட்பெட்டில் இதைச் செய்ய முயன்று யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூடியில் விளக்கு உள்ள பிளாட்பெட் ஒன்று நண்பரிடம் இருந்தது. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றுபவர். ஸ்கேனரோடு, கண்ணாடியில் நுண்கோடுகள் பொறித்த சோதனைத் தகடு ஒன்றையும் இரவல் தந்தார். அந்தத் தகடு இல்லாவிட்டால் நான் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பித்தான் வாங்கியிருப்பேன். பெட்டியில் 6,400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 6,400 புள்ளிகள், என்று போட்டிருந்தது. தகட்டில் மி.மீ.க்கு 32 கோட்டு இணைகள் (ஒரு கோடும் அடுத்த இடைவெளியும் ஓர் இணை) பிரிந்து தெரிந்தன. 36 இணைகள் சற்றே கலங்கின. அதற்கு மேல் எல்லாம் சாம்பல். கணக்கிட்டால் 1,700 டிபிஐ அளவு. இந்த வகை பிளாட்பெட்களின் இயல்பு இது, அந்த ஒரு கருவியின் கோளாறு அல்ல. புள்ளிகளை எத்தனை நெருக்கமாக எடுக்கிறது என்பதைத்தான் பெட்டி எண் சொல்கிறது. லென்ஸ் எவ்வளவு கூர்மை தருகிறது என்பது வேறு கணக்கு. பிறகு ஃபிலிம் தாங்கியின் அடியில் விசிட்டிங் கார்டைக் கீற்றுகளாக வெட்டி அடுக்கி, உயரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்று அடுக்கில் கூர்மை கண்ணுக்குத் தெரியும்படி கூடியது. இரவல் வாங்கியவர்களும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். அரை மணி நேரம் போதும்.

1,700 டிபிஐ என்றால் 35 மி.மீ. படத்துக்கு 4 மெகாபிக்சலுக்கும் குறைவு. எட்டு அங்குல பிரிண்ட் வரை தாங்கும். 120 படத்துக்கோ 14 மெகாபிக்சல் வரும், அது தாராளம். ஆகவே பெரிய ஃபிலிம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல கருவி. பழைய பிரிண்ட்களையும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு தடைகள். ஒற்றையாக வெட்டிய 120 நெகட்டிவ்கள் தாங்கியில் நிற்காமல் நழுவின. கண்ணாடியில் நேராக வைத்தால் வானவில் வளையங்கள் விழுந்தன. அடுத்தது நேரம். பன்னிரண்டு படங்களுக்கு 35 நிமிடம். 2,140 படங்களுக்கு 104 மணி நேரம்.

பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் போன்ற 35 மி.மீ. தனி ஸ்கேனர்களையும் பார்த்தேன். கூர்மையில் பிளாட்பெட்டை எளிதாக மிஞ்சுகின்றன. சில மாடல்களில் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதியும் உண்டு. சில நூறு வண்ணப் படங்கள் மட்டும் இருந்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு படமாகக் கையால் தள்ள வேண்டும்; படத்துக்கு நான்கு நிமிடம் என்று வைத்தாலும் 140 மணி நேரத்தைத் தாண்டுகிறது. 120 ஃபிலிம் உள்ளே போகவே போகாது. அகச்சிவப்பு வசதி எங்கள் கறுப்பு வெள்ளைக்கு உதவாது. அந்த நெகட்டிவில் படமே வெள்ளித் துகள்தான், அது அகச்சிவப்பையும் மறைத்துவிடுவதால் கருவி முகத்தையே தூசி என்று எண்ணிக்கொள்ளும்.

இந்த இடத்தில் இரண்டு மாதம் நின்றுவிட்டேன். பரணில் இன்னொரு முறை தேடப் போனபோது, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பிரிண்ட் போடும் அப்பாவின் என்லார்ஜர் கோணியில் சுற்றிக் கிடந்தது. தலைப்பகுதியின் லென்ஸில் பூஞ்சை, துருத்தி கிழிந்திருந்தது. ஆனால் இரும்புத் தூணும் பலகையும் அசையாமல் நின்றன. பல்சக்கரத்தைத் திருப்பினால் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போனது. 35 மி.மீ.க்கும் 120-க்கும் தனித்தனி நெகட்டிவ் கேரியர்கள். ஒற்றை நெகட்டிவைத் தட்டையாகப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. எனக்கு வேண்டியதில் பாதி கையிலேயே இருந்தது. மீதிப் பாதி, நான் ஏற்கெனவே வைத்திருந்த 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (35 மி.மீ. படத்தைவிடச் சிறிய சென்சார்) நிக்கான் கேமரா.

லென்ஸ் மட்டும் வாங்க வேண்டியிருந்தது. பழைய 55 மி.மீ. எஃப் 3.5 மைக்ரோ-நிக்கார், கையால் ஃபோகஸ் செய்வது, 7,800 ரூபாய்க்குச் சென்னையில் கிடைத்தது. அதோடு, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் எம்2 என்ற 27.5 மி.மீ. நீட்டிப்பு வளையம் 900 ரூபாய். இந்த லென்ஸ் தனியாக, பொருளின் பாதி அளவுக்குத்தான் சென்சாரில் படம் தரும். 36 மி.மீ. படம் என் கேமராவின் 23.5 மி.மீ. சென்சாரை நிறைக்க 0.65 மடங்கு வேண்டும், ஆகவே 35 மி.மீ.க்கு வளையம் கட்டாயம். 120-க்கு 0.28 போதும், வளையத்தைக் கழற்றிவிடலாம். வாங்கும்முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்யாததால், வளையம் வரும்வரை ஒரு வாரம் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

தூணில் கேமராவைப் பூட்ட ஒரு எல் வடிவத் தகடு தேவைப்பட்டது. லேத் பட்டறை அண்ணன் 5 மி.மீ. இரும்புத் தகட்டில் அழகாகச் செய்து, ஆறு மி.மீ. போல்ட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கேமராவின் அடியில் இரண்டு சுற்றுப் போய் இறுகியது. நல்லவேளை, பலம் கொடுத்துத் திருப்பவில்லை. கேமராவின் மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு இருபது மரை. மறுநாள் டிரைபாடையே எடுத்துப்போய்க் காட்டினேன். சரியான போல்ட்டை அரை மணி நேரத்தில் கடைந்து கொடுத்தார். இரண்டுக்கும் சேர்த்து 450 ரூபாய்.

விளக்கில் மீண்டும் தடுமாறினேன். படம் வரைபவர்கள் வைத்திருக்கும் மெல்லிய எல்இடி பலகை ஒன்றைத் தங்கையிடமிருந்து வாங்கி முயன்றேன். கறுப்பு வெள்ளைக்குக் குறையில்லை. வண்ணத்தில் தோல் நிறம் எவ்வளவு திருத்தினாலும் செங்கல் நிறத்திலேயே நின்றது. ஒளியின் நிறத் தரக்குறியீடு, சிஆர்ஐ என்பார்களே, அது 95-க்கு மேல் உள்ள வீடியோ விளக்கு ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கிய பிறகுதான் மாநிறம் மாநிறமாக வந்தது. விளக்குக்கும் கேரியருக்கும் நடுவில் 3 மி.மீ. ஓபல் அக்ரிலிக் துண்டு. பெயர்ப்பலகை செய்யும் கடையில் 160 ரூபாய். விளக்கிலிருந்து நெகட்டிவை 4 செ.மீ. உயர்த்தி வைத்தேன். அக்ரிலிக்கில் படிந்த தூசி அப்போது ஃபோகஸில் விழாது. நெகட்டிவைச் சுற்றிக் கசியும் வெளிச்சத்தைக் கறுப்புச் சார்ட் காகிதத்தில் ஜன்னல் வெட்டி மறைத்தேன். முப்பது ரூபாய்க் காகிதம் அது. கறுப்புகள் ஆழமானதற்கு அதுவே காரணம்.

கேமராவும் நெகட்டிவும் இணையாக இருக்க ஒரு சிறு முகக்கண்ணாடி போதும். அதைக் கேரியரின் மேல் வைத்துக் கேமராத் திரையில், லைவ் வியூவில், பார்த்தால் லென்ஸ் தன்னையே பார்க்கும். அந்த வட்டம் திரையின் நடுவில் வரும்வரை தகட்டின் அடியில் காகித மடிப்புகள் கொடுத்தேன். லென்ஸ் துளையின் அளவை எஃப் 5.6, 8, 11 என்று மாற்றி, மூன்றிலும் எடுத்துப் பார்த்ததில் எஃப் 8-இல் நடுவும் ஓரமும் ஒத்து வந்தன. ஐஎஸ்ஓ 100, எட்டில் ஒரு நொடி, இரண்டு நொடி டைமர். நண்பரின் தகட்டை வைத்தபோது 64 கோட்டு இணைகள் தெளிவாகப் பிரிந்தன. 3,250 டிபிஐ. அன்று இரவு வெகுநேரம் அந்தக் கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் எடுத்த மூன்று ரோல்களும் கலங்கியிருந்தன. தகடு தளர்ந்ததா, லென்ஸ் நகர்ந்ததா என்று எல்லாவற்றையும் அவிழ்த்து மாட்டினேன். அம்மாதான் கண்டுபிடித்தார். அடுத்த அறையில் மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எட்டில் ஒரு நொடிக்குத் தரை நடுங்கினால் போதும், நுண்விவரம் அழிந்துவிடும். இப்போது பலகையின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இருக்கிறது. மாவு அரைக்கும் நாளில் ஸ்கேன் இல்லை.

அடுத்த தவறைத் திருத்த வழியில்லை. நெகட்டிவ்களில் விரல் ரேகையும் பூஞ்சைப் புள்ளியும் இருந்தன. 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் துடைத்தால் போகும் என்று படித்து, வண்ண நெகட்டிவ்களில் செய்து பார்த்தேன், நன்றாகவே வந்தது. அதே கையோடு ஒரு 120 கறுப்பு வெள்ளையைத் துடைத்தேன். எழுபதுகளின் கடைசியில் எடுத்த ஒரு பாட்டியின் உருவப்படம். துணியில் சாம்பல் நிறக் கறை ஒட்டியது. அழுக்கு என்று நினைத்து இன்னொரு முறை துடைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது அப்பாவின் பென்சில்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் டச்சப் வேலையை நெகட்டிவிலேயே செய்தார்கள். கண்ணுக்குக் கீழ் உள்ள கருவளையமும் சுருக்கமும் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அதன் மேல் மெல்லிய பிசின் பூச்சுத் தடவி, ஊசி போல் கூர் சீவிய பென்சிலால் நுண்கோடுகள் போட்டு அடர்த்தி கூட்டினால், பிரிண்டில் அந்த இடம் வெளுத்து முகம் தெளியும். ஆல்கஹால் அந்தப் பிசினைக் கரைத்துப் பென்சிலோடு கொண்டுபோய்விட்டது. ஒரு முகத்துக்கு அவர் ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதை இரண்டு இழுப்பில் அழித்துவிட்டேன். அதன் பிறகு 120 நெகட்டிவ் எதையும் நனைத்ததில்லை. காற்று ஊதியும் மென்தூரிகையும் மட்டும். பூஞ்சை இருந்தால் இருக்கட்டும், கணினியில் பார்த்துக்கொள்ளலாம். துடைக்கும்முன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பென்சில் வேலை இருந்தால் அந்த இடம் மட்டும் ஈயம் போல மினுங்கும்.

வண்ணத்துக்கு வருகிறேன். முதல் ஐந்து ரோல்களை ஜேபெக்கில், வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் கேமராவின் பொறுப்பில் விட்டு எடுத்தேன். வண்ண நெகட்டிவின் ஆரஞ்சு அடித்தளத்தைக் கேமரா ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விதமாகத் திருத்தியதால், ஒரே திருமணத்தில் ஒரே புடவை ஐந்து நிறங்களில் வந்தது. ஐந்தையும் மறுபடி எடுத்தேன். இப்போது எல்லாம் கேமரா எதையும் திருத்தாத ரா கோப்பு, ஒரு ரோல் முழுவதும் ஒரே அமைப்பு. ஒவ்வொரு ரோலிலும் முதலில் படமில்லாத வெற்று ஃபிலிமை ஒரு முறை எடுத்துக்கொள்கிறேன். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் 2020-இல் சேர்க்கப்பட்ட நெகடாக்டர் என்ற பகுதியில் அந்த வெற்று நிறத்தைத் தொட்டுக் காட்டினால் ஆரஞ்சு நீங்கிவிடும். ஒரு படத்தைச் சரிசெய்து, அதே அமைப்பை ரோல் முழுவதற்கும் ஒட்டிவிடுகிறேன். ஃபிலிமின் மங்கலான பக்கத்தை லென்ஸைப் பார்த்து வைப்பதால் படம் இடம் வலம் மாறி வரும். கடைசியில் திருப்ப மறந்தால் எல்லாரும் இடது கையால் சாப்பிடுவார்கள்.

16 பிட் டிஃப் கோப்பு ஒவ்வொன்றும் 144 எம்பி ஆகிறது, அது என் வட்டுக்குத் தாங்காது. ரா கோப்பையும் திருத்திய ஜேபெக்கையும் மட்டும் வைத்து, இரண்டு வட்டுகளில் பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று தங்கை வீட்டில் இருக்கிறது.

செலவு: லென்ஸ் 7,800, வளையம் 900, விளக்கு 3,200, லேத் 450, அக்ரிலிக் 160, காற்று ஊதி, தூரிகை, கையுறை சேர்த்து 780, சார்ட் 30. மொத்தம் 13,320 ரூபாய். பெட்டி ஸ்கேனரில் இழந்தது 2,900. என்லார்ஜர் தூண் இல்லாதவர்கள் பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் விசாரித்துப் பார்க்கலாம். பல ஊர்களில் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேமரா இல்லாதவர்கள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கி இந்த வழியில் வரத் தேவையில்லை. 120 வைத்திருந்தால் மூடியில் விளக்குள்ள பிளாட்பெட், வெறும் 35 மி.மீ. என்றால் தனி ஸ்கேனர், அவ்வளவுதான்.

மறுபடி தொடங்கினால், ரூபாய் எடுத்து வைக்கும்முன் எண்ணி முடிப்பேன். ஒவ்வொரு வகையிலும் மோசமான மூன்று நெகட்டிவ்களைப் பிரித்து, எந்தக் கருவியையும் அவற்றில்தான் சோதிப்பேன். நல்ல நெகட்டிவில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரிகிறது.

வாடை வந்த பதினான்கு துண்டுகளையும் எடுத்தாயிற்று. இரண்டில் அடித்தளம் சுருங்கி, மேலிருக்கும் ஜெலட்டின் நரம்பு நரம்பாகப் புடைத்துப் படம் கிழிந்திருக்கிறது, முகங்கள் தப்பியிருக்கின்றன. இருபத்தொரு ரோல் பாக்கி. கால் பிளேட் ஒன்பதும் எந்தக் கேரியரிலும் அடங்கவில்லை. பெயர்ப்பலகைக் கடையில் இரண்டு கறுப்பு அக்ரிலிக் சட்டங்கள் வெட்டச் சொல்லியிருக்கிறேன், ஓரங்களை மட்டும் பிடிக்கும் அளவுக்கு நடுவில் திறப்போடு. புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.